எழும்பூர் மணலும் இன்றைய மின்திரையும்

வடபுலத்தில் வாழும் நாம் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், சென்னை சென்ட்ரல் நிலையத்தில் வந்திறங்கி, பெட்டிகளையும் குழந்தைகளையும் ஒருங்கு சேர்த்துக்கொண்டு எழும்பூருக்கு விரைவது வழக்கம். திருச்சிக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் செல்லும் வண்டிகளை அங்கேதான் பிடித்தாக வேண்டும். ஆதலின் எழும்பூர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன நடைமேடையும் கூட்டமும் வண்டி தவறிவிடுமோ என்னும் பதைப்புமே. அந்த எழும்பூருக்குக் கல்வி வரலாற்றில் ஓர் உயர்ந்த இடம் உண்டு என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்ட ஒருவர், அம்முறையை அவ்வூர்ப் பள்ளியொன்றில் புகுத்தினார். அது கடல் கடந்து சென்று, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது.

இன்று பள்ளிகள்தோறும் மின்திரைகளும் கணினிகளும் பெருகி வருகின்றன. நம் பிள்ளைகள் கையகல இருக்கும் கைப்பேசியில் உலகையே காண்கின்றனர். இவற்றைக் கண்டு மகிழ்வோரும் உளர், அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பள்ளிக்குப் புதிய கருவி வருவது இது முதல் முறையன்று. ஓலையும் ஒரு காலத்தில் புதுமையே. சிலேட்டும் அச்சுப் புத்தகமும் வானொலியும் அவ்வாறே. அவை ஒவ்வொன்றும் பள்ளிக்குள் எவ்வாறு வந்தன, எப்போது பயன் தந்தன, எப்போது தரவில்லை என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்கினால், தாய்மண்ணைவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்கும் ஒரு வழி புலப்படும் என நம்புகிறோம்.

திண்ணைப் பள்ளியின் கருவிகள்

நம் பாட்டனார்களுக்கும் அவர்தம் பாட்டனார்களுக்கும் எழுத்தறிவித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ அதன் இடம். அண்ணாவி, கணக்காயர், உபாத்தியாயர் என்று பலவாறு அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசான். ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பர். அகரம் கற்போரும், எண்சுவடி ஒப்பிப்போரும், நிகண்டு நெட்டுருச் செய்வோரும் அங்கே ஒருங்கிருந்து எழுப்பும் பேரோசை தெருக்கோடி வரை கேட்கும்.

இப்பள்ளியின் முதற்கருவி மணல். பிள்ளையின் முன்னே மணலைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து எழுத்தின் வடிவை வரைவிப்பார் ஆசிரியர். பின்னர்ப் பிள்ளை தானே எழுதுவான். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லுவான். கண் காணவும், விரல் வரையவும், வாய் சொல்லவும், செவி கேட்கவும் ஆக நான்கு பொறிகளும் ஒருசேர உழைத்தன. எழுத்துப் பிழைபடின் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் போதும், பிழை மறைந்துவிடும். செலவில்லை; பிழை செய்தோம் என்னும் அச்சமும் இல்லை. கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதனினும் இனிய கருவி வேறு உண்டோ?

மணலில் கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையில் எழுதுவது எளிதன்று. அழுத்தம் மிகுந்தால் ஓலை கிழியும். குறைந்தால் எழுத்துப் பதியாது. கீறிய எழுத்து விளங்கித் தெரியும்பொருட்டு ஓலையில் மஞ்சளும் மையும் தடவுவர். ஓலையில் ஏறியது அழியாது. ஆதலின், அழியும் மணலில் பழகி, அழியாத ஓலையில் பதிக்கும் இவ்வரிசை முறை தற்செயலாக அமைந்ததன்று. பல தலைமுறைகளின் பட்டறிவால் விளைந்தது.

இவ்விரண்டினும் சிறந்த மூன்றாவது கருவி ஒன்று இருந்தது. அதற்கு உயிர் உண்டு. அவனே சட்டாம்பிள்ளை. மாணவருள் மூத்தவனும் தேர்ந்தவனுமாகிய அவன், இளையோருக்கு எழுத்துக் காட்டுவான், பாடம் கேட்பான், முறை சொல்லுவான். இளையோர் அவனிடம் அஞ்சியதும் உண்டு, அவன் கைப்பிரம்பின் சுவையை அறிந்ததும் உண்டு. உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் காட்டும் பள்ளிக்கூடக் காட்சிகளைப் படித்தோர்க்கு இவை புதியன அல்ல. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்கச் சட்டாம்பிள்ளையின் சொந்தக் கல்வியும் உறுதிப்பட்டது. ஓராசிரியர் பல நிலை மாணவரைக் கட்டியாள முடிந்தது இவனாலேயே.

எழும்பூரில் நிகழ்ந்தது

ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் நகரில் 1753இல் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். சமயகுருவாகிய இவர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் மக்களுக்கான ஆண் அநாதைப் பள்ளியின் மேற்பார்வையாளர் ஆனார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்து, ஆதரவற்றுப்போன சிறுவர்களே அப்பள்ளியின் மாணவர்கள். அங்கிருந்த துணையாசிரியர்களோ வேலையில் நாட்டமற்றவர்கள். பழைய வழியைவிட்டு நகர மறுப்பவர்கள். எழுத்தறியவே பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. பெல் என்ன செய்வதென்று அறியாது வருந்தினார்.

ஒருநாட் காலையில் குதிரைமேல் உலாவச் சென்றவர், வழியில் ஒரு ‘மலபார்’ப் பள்ளியைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை ‘மலபாரியர்’ என்றே வழங்கினர் என்பதை நாம் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அப்பள்ளியில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். பெல் தேடியது கிடைத்துவிட்டது. உடனே திரும்பி வந்து, தம் பள்ளியின் கடைநிலை வகுப்புக்கு மணல் பரப்பிய பலகைகளைக் கொண்டு எழுத்துக் கற்பிக்குமாறு பணித்தார். துணையாசிரியரோ, அது நடவாத செயல் என்று கைவிரித்துவிட்டார்.

பெல் வேறு வழி தேடினார். பெரியவர் செய்ய மறுத்ததைச் சிறியவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். ஜான் பிரிஸ்கன் என்பது அச்சிறுவன் பெயர்; வயது எட்டு; சாதாரணப் படைவீரன் ஒருவனுடைய மகன். அவன் தன்னினும் இளையோருக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினான். ஆசிரியரால் ஆகாதென்ற செயல் அவனால் ஆயிற்று. அதுகண்ட பெல் மற்ற வகுப்புகளையும் ஒவ்வொன்றாக மாணவர் பொறுப்பிலேயே விட்டார். மணலைக் கண்ட பெல் சட்டாம்பிள்ளையையும் நம் பள்ளிகளில் கண்டாரோ, அன்றித் தாமே அம்முடிவிற்கு வந்தாரோ, எவ்வாறாயினும் எழும்பூரில் அமைந்தது நம் திண்ணைப் பள்ளியின் சாயலே என்பதில் ஐயமில்லை.

கடல் கடந்த மதராஸ் முறை

1796இல் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு, 1797இல், சென்னைப் பள்ளியில் தாம் செய்த சோதனையை விளக்கி இலண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798இல் இலண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளியொன்றில் அம்முறை புகுந்தது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் தம் பள்ளியில் இதனையொத்த முறையைக் கையாண்டார். மணல் பரப்பிய மேசைகளில் ஏழைப் பிள்ளைகள் எழுதிப் பழகினர். முறையைக் கண்டவர் யார் என்பது பற்றி இருவர் கட்சியினருக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. திண்ணையில் அமர்ந்து மணலில் எழுதிய தமிழ்ச் சிறுவர்களை அப்பூசலில் நினைத்தவர் எத்தனைபேரோ!

1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசியச் சங்கம் தோன்றி, பெல் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளைப் பரப்பியது. 1832இல் பெல் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் ‘மதராஸ் கல்லூரி’. நம் தலைநகரின் பெயரே சென்னை என மாறிவிட்டது. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் உள்ள அப்பள்ளியோ இன்றும் மதராஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஈண்டு வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறது. ஓராசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பெருமிதத்தோடு கூறினார். பேரறைகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக அமர்த்தப்பட்டனர். கட்டளைக்கு எழுந்தனர், கட்டளைக்கு எழுதினர். திண்ணையில் அண்ணனைப்போல் அருகிருந்து சொல்லிக் கொடுத்த சட்டாம்பிள்ளை, அங்கே பொறியின் ஓர் உறுப்பாக மாறினான். தான் பாராமற் படித்ததை அவன் பிறருக்கும் பாராமற் படிப்பித்தான், பொருள் விளங்கவில்லை. குறைந்த செலவில் நிறைந்த கூட்டம் என்பதே நோக்கமாகிவிட்டபோது கல்வி தேய்ந்தது. 1846க்குப் பின், வயதில் மூத்த மாணவரைப் பயிற்சியளித்து ஆசிரியராக்கும் வேறொரு முறையை இங்கிலாந்து மேற்கொண்டது. கருவி அதே கருவிதான். மணல் அதே மணல்தான். அருகிலிருந்த உறவு போனதும் பயனும் போயிற்று.

திண்ணையின் பெருமையும் குறையும்

எழும்பூர் நிகழ்ச்சிக்குப் பின் ஒரு தலைமுறை சென்றது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அக்கணக்கெடுப்பின்போது 1823இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல், இந்நாட்டுப் பள்ளிகளில் முன்னேறிய மாணவர் பின்தங்கியோருக்குக் கற்பிக்கும் முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். 1983இல் தரம்பால் வெளியிட்ட ஆராய்ச்சி நூலால் இவ்வறிக்கைகள் பலரும் அறிய வந்தன.

பெருமையைச் சொல்லும்போது குறையை மறைத்தல் வரலாறு ஆகாது. அந்த 1,88,650 மாணவருள் பெண் குழந்தைகள் 4,540 பேரே. சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலான திண்ணைகள் திறக்கவில்லை. மணல் எல்லார் வாசலிலும் கிடந்தது. எழுதும் உரிமை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வந்த கருவிகளை நாம் வாழ்த்தி வரவேற்பதற்கு இதுவே தலையாய காரணம். ஓலையை எழுதுவித்துப் பெற வசதியுள்ளோர் சிலர். அச்சுப் புத்தகமோ மலிவான விலையில் பலர் கைக்கும் சென்றது. கதவை அடைத்தாலும் வானொலியின் குரல் மதில் தாண்டிக் கேட்டது. புதிய கருவி ஒவ்வொன்றும், மனிதர் இழுத்து அடைத்த ஏதேனும் ஒரு கதவைத் தட்டியே வந்திருக்கிறது.

சிலேட்டிலிருந்து செயற்கைக்கோள் வரை

மணலின் இடத்தைச் சிலேட்டுப் பிடித்தது. நம்முள் மூத்தோர் பலர் சிலேட்டிலும் குச்சியிலும் எழுதிப் பழகியவர்களே. கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்ததும், கரும்பலகைக்குப் பூசக் கரியும் ஊமத்தை இலையும் அரைத்து ஆசிரியருக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவில் நிழலாடுகின்றன அன்றோ? அவையும் கல்விக் கருவிகளே. அவற்றைச் செய்வதில் மாணவர்க்குப் பங்கு இருந்தது என்பது அவற்றின் தனிச்சிறப்பு.

1930களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி பள்ளிகளுக்கென நிகழ்ச்சிகள் ஒலிபரப்பத் தொடங்கியது. 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி பிறந்தது. ஈராண்டுகள் கழித்து, 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தில்லிப் பள்ளித் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளும், அறிவியல் ஆசிரியர் போதாத பள்ளிகளும் அந்நகரில் பலவாக இருந்தன. கண்ணால் காண இயலாத வேதியியல் சோதனைகளை மாணவர்கள் வகுப்பிலிருந்தவாறே திரையில் கண்டனர். அக்காலத்தில் தில்லியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பர். நாட்டில் வேறெங்கும் தொலைக்காட்சி எட்டிப்பாராத காலத்தில் பாடத்தைத் திரையில் கண்ட தலைமுறை அவர்களுடையது.

விக்ரம் சாராபாய் கண்ட கனவொன்று அவர் மறைந்த பின்னர் நனவாயிற்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் என்பன அம்மாநிலங்கள். கம்பி வலையால் ஆன, ஏறத்தாழ மூன்று மீட்டர் குறுக்களவுள்ள அலைவாங்கிகள் ஊர்ப் பள்ளிகளில் எழுந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. மின்விளக்கே காணாத ஊர்களுக்கும் வானிலிருந்து பாடம் இறங்கியது.

இத்திட்டத்தில் நாம் கருதத்தக்கது யாதெனின், பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி வழங்கியதோடு அமையாது, பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் அறிவியல் பயிற்சி அளித்ததாகும். படத்தை அனுப்பினால் மட்டும் போதாது, படம் முடிந்தபின் பிள்ளை கேட்கும் வினாவிற்கு விடை சொல்ல ஊரிலேயே ஒருவர் வேண்டும் என்பதை அதனை அமைத்தோர் அறிந்திருந்தனர். எழும்பூர் மணல் சொன்னதையே இதுவும் சொல்கிறது.

கணினி வந்த கதை

1984ஆம் ஆண்டு மைய அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டமொன்றைத் தொடங்கியது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறிகள் வந்தன. அன்று கணிப்பொறி அறை என்பது கருவறைக்கு ஒப்பானது. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்; குளிரூட்டிய அறையில் கைகட்டி நிற்க வேண்டும்; ஒருவர் தட்ட ஐவர் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்துநின்ற பிள்ளைகள் பலர் பின்னாளில் அதே பொறியால் வாழ்வு பெற்று, பெங்களூரிலும் புனேயிலும் நொய்டாவிலும் குடியேறினர். இம்மலரைப் படிப்போருள்ளும் அத்தகையோர் இருப்பர்.

தமிழுக்கும் கணினிக்கும் உறவு மலர்ந்தது 1990களில். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், உலகெங்கும் வாழ்ந்த தமிழன்பர்களின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்கிற்று. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மழலைக் கல்வி தொடங்கிப் பட்டம் வரை பாடங்களை அளித்துவருகிறது. நம்மைப்போல் தாய்மண்ணுக்கு வெளியே வாழ்வோரைக் கருத்தில் வைத்தே அஃது எழுந்தது. முன்னாளில் ஒரு தமிழ்ப் பாடநூலுக்காக ஊரிலிருந்து வரும் உறவினரை எதிர்பார்த்திருந்த நமக்கு இஃது எத்துணைப் பெரிய பேறு!

தாய்த்தமிழகத்துப் பள்ளிகளிலும் மாற்றங்கள் விரைந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007இல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் செயல்வழிக் கற்றல் முறை புகுந்தது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் உருவான அட்டைகளின் வழிவந்த முறை அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, படிப்படியாக அமைந்த அட்டைகளைத் தாமே எடுத்துப் பயின்றனர். முன்னேறியோர் பின்தங்கியோருக்கு உதவினர். சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் உயரத்திற்கேற்பக் கரும்பலகை அமைந்தது. எழும்பூரிலிருந்து புறப்பட்டுச் சென்ற முறை, இருநூறு ஆண்டுகள் கழித்து அதே நகரின் பள்ளிகளுக்கு மீண்டும் வந்ததுபோல் இருந்தது. 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன, கைப்பேசியைக் காட்டினால் அப்பாடம் குறித்த படமும் ஒலியும் திறந்தன. 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது.

பெருந்தொற்றுக் காலம் புகட்டிய பாடம்

கல்வித் தொலைக்காட்சி தொடங்கி ஏழு திங்கள் நிறையுமுன்னரே, 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அக்காலத்தில் திரைகள் ஆற்றிய தொண்டு அளப்பரியது. ஆசிரியர்கள் பலர் ஒரே இரவில் புதிய கருவியைக் கையாளக் கற்றனர். கரும்பலகையைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டி, கைப்பேசியின் முன் நின்று பாடம் நடத்தினர். நாமும் இங்கே சிறு வீடுகளில் ஒரு மூலையைப் பிள்ளைக்கு வகுப்பறையாக்கினோம். அக்கருவிகள் இலவாயின் அம்மாதங்களில் கல்வி என்பதே நின்றுபோயிருக்கும். அவற்றை நன்றியோடு நினைக்கிறோம்.

ஆயினும், திரை இல்லாத வீடுகளும் இருந்தன. திரை இருந்தும் கற்க இயலாத பிள்ளைகளும் இருந்தனர். தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாத இடைவெளியில் சிறுபிள்ளைகள் பலர் எழுத்தையே மறந்திருந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு கண்ட வழி யாது? 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்களே தன்னார்வலர்களாக முன்வந்தனர். மாலை வேளையில் வீட்டு வாசலிலும், திண்ணையிலும், மரத்தடியிலும் இருபது பிள்ளைகள்வரை கூட்டி அமர்த்தி, பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். செயற்கைக்கோள் யுகத்தில், திண்ணை மீண்டும் பள்ளியாயிற்று. இம்முறையோ, அன்று வாசலுக்கு வெளியே நின்ற பெண்ணே ஆசிரியையாய் அமர்ந்தாள். இருநூறு ஆண்டு வரலாற்றில் இதனினும் மகிழத்தக்க காட்சி வேறில்லை.

நம் சங்கத்து வகுப்பறையில்

இனி நம் நிலையை நோக்குவோம். தில்லியில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரணாக நிற்கின்றன. அத்தகைய பேறு எல்லா நகரங்களுக்கும் வாய்க்கவில்லை. பெரும்பாலான இடங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கக் கட்டடத்தில் நடைபெறும் ஒன்றிரண்டு மணி நேர வகுப்பே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தோடு உள்ள தொடர்பு. வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிப்பர். ‘ழ’கரத்தின் ஓசை நாவில் இருக்கும், அதன் வடிவம் கண்ணில் இராது. ஊரில் இருக்கும் பாட்டியின் கடிதத்தைத் தாமே படிக்கவியலாத பிள்ளைகளை நாம் வளர்த்துவருகிறோம் என்பது கசப்பான உண்மை.

அண்மையில் நம் வகுப்பில் ஒரு நிகழ்ச்சியைக் கண்டோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ‘அம்மா’ என்று தமிழில் வரச்செய்து காட்டினான். தாளில் எழுதச் சொன்னபோது அகரத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தான். அருகிலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் அவன் கைப்பேசியையே வாங்கி, விரலால் எழுதும் பகுதியைத் திறந்து, அவன் சுட்டுவிரலைப் பிடித்து அகரத்தின் சுழியைக் கண்ணாடிமேல் வரையச் செய்தாள். தவறியபோது தடவி அழித்தாள், மீண்டும் வரைந்தான். மணி ஒலிப்பதற்குள் ‘அம்மா’ என்பதைத் தானே எழுதினான்.

நாம் அங்கே கண்டது என்ன? அந்தக் கண்ணாடி, எழும்பூர் மணல். அந்தப் பெண், சட்டாம்பிள்ளை; பிரம்பு இல்லாத சட்டாம்பிள்ளை. எழுத்தாணியும் பேனாவும் தட்டச்சும் கடந்து, விரல் மீண்டும் எழுதுகோலாகிவிட்டது. பிழையை மறைத்து மறுவாய்ப்புத் தரும் மணலின் பெருந்தன்மையும் திரைக்கு வாய்த்திருக்கிறது. ஆனால், விரலைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அதைத் திரை தராது; நாம்தான் தர வேண்டும்.

ஆதலின் நம் தமிழ் வகுப்பிற்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து பறிக்கவும் வேண்டா; அதனிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நாம் விலகவும் வேண்டா. இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களைப் பெற்றோரும் உடனமர்ந்து காண்போமாக. மூத்த மாணவர் ஒவ்வொருவருக்கும் இளையோர் இருவர் மூவரை ஒப்படைப்போமாக. கற்பிப்பவனே நன்கு கற்கிறான் என்பதை எழும்பூர்ச் சிறுவன் காட்டியிருக்கிறான். ஊரில் உள்ள தாத்தா பாட்டியரைத் திங்கள்தோறும் ஒருமுறை திரையில் அழைத்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்வோமாக. சங்கம் ஒரு பெரிய திரையை வாங்குவது நன்று. அதன் அருகே மாலைப்பொழுதை ஈவதற்கு ஐந்து பேர் முன்வருவது அதனினும் நன்று.

விசயதசமியன்று நம் இல்லங்களில் தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கிறோம். அந்தத் தட்டு, திண்ணைப் பள்ளியின் மணற்பரப்பே. ஆண்டிற்கு ஒருநாள் பிடிக்கும் அவ்விரலை மறுநாளே விட்டுவிடுகிறோம். இனி அதனை ஞாயிறுதோறும் பிடிப்போம். அரிசியோ, தாளோ, கண்ணாடித் திரையோ, எதன்மேல் எழுதினாலும் தமிழ் எழுத்துத் துலங்கும்.